இடுகுறிப் பெயரும் காரண விலையும்

கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு என்று பேசிக்கொண்டிருக்கும் இந்தப் பக்கத்தில் கணினியின் கிராபிக்ஸ் கார்டைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசக நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டுகிறோம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு குறித்தே நாங்கள் இங்கே பேசப்போகிறோம். அந்த உறவை ஒரு துறை இருபதாண்டுகளுக்கும் மேலாகக் கண்ணெதிரே சிதைத்து வருகிறது. சொல்லை நேசிப்பவர்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் நாமோ, அது 'கம்ப்யூட்டர்காரர்களின் விவகாரம்' என்று ஒதுங்கி நிற்கிறோம். இந்த ஒதுங்கலைத்தான் முதலில் குற்றம் சாட்டுகிறோம். குற்றவாளிக் கூண்டில் நாங்களும் உண்டு.

எங்கள் நண்பர் ஒருவர் ஆவணப்படங்களைத் தொகுப்பவர். பழைய கார்டு படுத்துவிட்டதால் புதியது வாங்கப் போனார். கடையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்கள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே எண். ஒன்றில் ஜிபி சற்றுக் குறைவு, விலையும் குறைவு. "வேறென்ன வித்தியாசம்?" என்று கேட்டிருக்கிறார். "மெமரி மட்டும்தான் சார், மற்றதெல்லாம் ஒன்றுதான்" என்று பதில் வந்தது. நம்பி வாங்கி வந்தார். மெமரியில் மட்டுமல்ல, கணக்கிடும் திறனிலேயே குறைந்த பொருள் அது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களில் சிலர், "விவரக்குறிப்பைப் படித்திருக்க வேண்டாமா?" என்று அவரையே கடிந்துகொண்டோம். அவர் அமைதியாக ஒன்று கேட்டார்: "ஒரே தலைப்பு, ஒரே அட்டைப்படம், உள்ளே நூறு பக்கம் குறைவு. 'சுருக்கப் பதிப்பு' என்று அச்சிடாமல் அப்படியொரு நாவலை விற்றால் அந்தப் பதிப்பாளரை நீங்கள் சும்மா விடுவீர்களா?"

எங்களிடம் பதில் இல்லை. வாங்கியவரைக் கடிந்துகொண்டதற்கு வருந்துகிறோம். குற்றம் எங்கே இருக்கிறது என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

பள்ளியில் நாம் படித்த இலக்கணம் பெயர்களை இடுகுறி, காரணம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. மரம், மண் போன்றவற்றுக்குக் காரணம் கேட்க முடியாது. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். நாற்காலி என்றால் நான்கு கால். காரணம் பெயரிலேயே நிற்கிறது. மூன்று கால் உள்ள ஒன்றை நாற்காலி என்று விற்க ஒருவர் முனைந்தால், 'அது வெறும் இடுகுறிப் பெயர்தானே' என்று அவர் தப்பிக்க முடியாது. கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர்கள் காரணப் பெயர்களாக விற்கப்படுகின்றன. அகப்பட்டுக்கொண்டால் இடுகுறிப் பெயர்களாகிவிடுகின்றன. எங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைக் குறிக்கும். கடைசி இரண்டும் படிநிலையைச் சொல்லும்: 60 நடுத்தரம், 70 அதற்கு மேல், 80 உயர்வு, 90 உச்சம். 'டிஐ' என்ற ஒட்டு அரைப்படி ஏற்றம். வாங்குவோர் இப்படித்தான் படிக்கிறார்கள். படிக்கும்படி பழக்கியதும் நிறுவனம்தான். ஆக, இந்தப் பெயர் ஒரு வாக்குறுதி.

2022 செப்டம்பரில் அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. ஒன்று 16 ஜிபி, மற்றது 12 ஜிபி. பெயரைப் பார்த்தவருக்கு வேறுபாடு நினைவகத்தின் அளவில் மட்டும் என்றே தோன்றும். உண்மையில் முதலாவதில் 9,728 கணக்கிடும் கோர்கள், இரண்டாவதில் 7,680. நினைவகத்துக்குச் செல்லும் பாதை முதலாவதில் 256 பிட் அகலம், இரண்டாவதில் 192. உள்ளே இருந்த சிப்பே வேறு. விமர்சகர்களும் பயனர்களும் கூச்சலிட்டார்கள். அக்டோபர் 14 அன்று, 12 ஜிபி மாதிரியை வெளியிடப் போவதில்லை என்று நிறுவனம் பின்வாங்கியது. 2023 ஜனவரியில் அதே சிப், அதே 7,680 கோர்கள், அதே 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற புதுப் பெயரில் வந்தது. முதலில் 899 டாலர் என்று அறிவிக்கப்பட்டது இப்போது 799 டாலர். சந்தை நிலவரம் முதலிய வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் பொருள் அதேதான். மாறியவை பெயரும் விலையும் மட்டுமே. ஒரு சொல்லின் விலை என்ன என்று யாராவது கேட்டால் இதைக் காட்டலாம்.

இது ஒருமுறை நேர்ந்த தவறு என்று சமாதானம் சொல்ல வழியில்லை. 2001இல் வந்த ஜீஃபோர்ஸ் 3, நிரல் எழுதி இயக்கக்கூடிய ஷேடர்களைக் கொண்டுவந்தது. அன்றைக்கு அது பெரும் பாய்ச்சல். 2002இல் ஜீஃபோர்ஸ் 4 எம்எக்ஸ் என்ற மலிவுக் கார்டு வந்தது. பெயரில் நான்கு, உள்ளே ஜீஃபோர்ஸ் 2இன் வழிவந்த தொழில்நுட்பம். மூன்றில் இருந்த அந்தப் பாய்ச்சல் இந்த நான்கில் இல்லை. பின்னர் 2008இன் 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ், 2009இல் ஜிடிஎஸ் 250 என்ற பெயரில் அதே சிப்போடு மறுபிறவி எடுத்தது. போட்டியாளரான ஏஎம்டியும் உத்தமர் அல்லர். 2017இல் 1,024 கணக்கிடும் அலகுகளோடு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 560 என்ற பெயரிலேயே, 896 அலகுகள் மட்டும் கொண்ட கார்டும் சத்தமில்லாமல் விற்பனைக்கு வந்தது. கேள்வி எழுந்த பிறகுதான் அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டது.

அடுத்து, 'எத்தனை ஜிபி?' என்ற கேள்வி. நம் ஊரில் கிராபிக்ஸ் கார்டு பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கேள்வியில் தொடங்கி இதிலேயே முடிகிறது. 'எட்டு ஜிபி கார்டு', 'நாலு ஜிபி கார்டு' என்கிறோம். இரண்டு லிட்டர் வாங்கினேன் என்று சொல்வதைப் போல, அளவு பொருளுக்கு ஆகிவந்து நிற்கிறது. லிட்டர் என்றால் பாலா எண்ணெயா என்பது சூழலால் விளங்கும். ஜிபி விஷயத்தில் அது விளங்குவதில்லை என்பதுதான் தொல்லை.

அடைப்புக்குறிக்குள் வரும் இந்த ஜிபி எண்ணுக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. 2016இன் ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டாக வந்தது. முதலாவதில் 1,280 கோர்கள், இரண்டாவதில் 1,152. அங்கே 3 ஜிபி என்றால் 'கோரும் குறைவு' என்று பொருள். 2021இன் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கொண்டது. 2022இல் அதே பெயரில் 8 ஜிபி மாதிரி வந்தது. கோர்கள் இரண்டிலும் 3,584தான். ஆனால் நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கி, நொடிக்கு 360 ஜிபி கடத்திய இடத்தில் 240 ஜிபி ஆயிற்று. அங்கே 8 ஜிபி என்றால் 'பாதையும் குறுகல்' என்று பொருள். 2023இன் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐயும் 8, 16 என்று இரண்டாக வந்தது. அங்கே மட்டும் உண்மையிலேயே நினைவகத்தின் அளவுதான் வேறு. ஒரே எழுத்துமுறை, மூன்று வெவ்வேறு பொருள்கள். கடைக்காரர் சொன்ன 'மெமரி மட்டும்தான் சார்' என்ற பதில் சில கார்டுகளுக்கு மெய், சிலவற்றுக்குப் பொய். எது எதற்கு என்பது பெட்டியில் இராது.

பாதை, கடத்தல் என்றெல்லாம் சொன்னோமே, அதைச் சற்று விளக்க வேண்டும். நினைவகம் ஒரு களஞ்சியம் என்றால், கோர்கள் அங்கிருந்து தானியம் எடுத்துச் சமைப்பவர்கள். களஞ்சியம் எவ்வளவு பெரிதாயினும் வாசல் குறுகலாக இருந்தால் சமையலறை காத்துக்கிடக்கும். வாசலின் அகலத்தைத்தான் 'பஸ்' என்று பிட் கணக்கில் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிட் வழியாகவும் நொடிக்கு எவ்வளவு தரவு செல்கிறது என்பது நினைவகத்தின் வகையைப் பொறுத்தது. இரண்டையும் பெருக்கி எட்டால் வகுத்தால், நொடிக்கு எத்தனை ஜிபி என்ற விடை கிடைக்கும். எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

இந்தக் கணக்கு தெரியாததால் ஏமாந்தவர்கள் ஏராளம் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. 2017இல் வந்த ஜிடி 1030 என்ற மலிவுக் கார்டில் 2 ஜிபி, 384 கோர், 64 பிட் பாதை. நினைவகம் ஜிடிடிஆர்5 வகை, ஒவ்வொரு பிட்டிலும் 6 ஜிகாபிட் வேகம். கணக்கிட்டால் நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதே 2 ஜிபி, அதே 384 கோர், அதே 64 பிட். ஆனால் நினைவகம் சாதாரண டிடிஆர்4, வேகம் 2.1 ஜிகாபிட். கணக்கிட்டால் நொடிக்கு 16.8 ஜிபி. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு! பெயர், ஜிபி, கோர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த கவனமான வாசகர்கூட இங்கே தோற்றுப்போவார்.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். பாதையின் அகலம் மட்டுமே இறுதித் தீர்ப்பு ஆகாது. 2020இன் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐயில் 256 பிட் பாதை, நொடிக்கு 448 ஜிபி. 2023இன் 4060 டிஐயில் 128 பிட், 288 ஜிபி. ஆனால் புதியதில் சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடமான கேஷ் 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக வளர்ந்திருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் தானியத்தை அடுப்பருகே வைத்துக்கொண்டால் களஞ்சியத்துக்கு ஓடும் வேலை குறையும். இது நேர்மையான பொறியியல். ஆயினும் திரையின் தெளிவு கூடக்கூடக் கேஷ் போதாமல் போகிறது. சில விளையாட்டுகளில் பழைய கார்டே முந்திக்கொண்டது. அறிமுக விலையோ இரண்டுக்கும் அதே 399 டாலர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் வந்த வாரிசு சில இடங்களில் தந்தையிடம் தோற்கிறது என்றால், பெயரில் ஏறிய அந்தப் பத்துக்கு என்ன பொருள்?

கோர்களின் எண்ணிக்கைக்கும் இதே கதி. 2018இன் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐயில் 4,352 கோர்கள். 2020இன் ஆர்டிஎக்ஸ் 3070இல் 5,888. ஏட்டுக் கணக்கில் முதலாவதன் திறன் 13.4 டெராஃபிளாப், இரண்டாவதன் திறன் 20.3. பாதிக்குப் பாதி கூடுதல். ஆனால் விளையாட்டுகளில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே நின்றன. காரணம் எளிது. பழைய வடிவமைப்பில் முழு எண் கணக்குகளைச் செய்யத் தனி அணி இருந்தது. அதை யாரும் கோர் என்று எண்ணவில்லை. புதிய வடிவமைப்பில் அந்த அணிக்குத் தசமக் கணக்கும் கற்பித்து, அதையும் கோர்களின் தொகையில் சேர்த்துவிட்டார்கள். முழு எண் வேலை வரும்போது அந்த அணி அங்கே போய்விடும். ஆகவே ஒரே தலைமுறைக்குள் கோர்களை ஒப்பிடலாம். தலைமுறை தாண்டி ஒப்பிடுவது, வெண்பாவின் அடிகளையும் புதுக்கவிதையின் வரிகளையும் எண்ணி எது சிறந்த கவிதை என்று தீர்ப்புச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மடிக்கணினிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருகாலத்தில் மடிக்கணினிச் சிப்புகளுக்குப் பெயரின் இறுதியில் 'எம்' என்ற எழுத்து இருந்தது. 2016இன் ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அது நீக்கப்பட்டது. மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் அப்போது திறன் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்ததால் அந்த நீக்கத்தில் நியாயம் இருந்தது. நியாயம் போனது, நீக்கம் நின்றுவிட்டது. மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கோர்கள், 24 ஜிபி, 450 வாட். மடிக்கணினியின் 4090இல் 9,728 கோர்கள், 16 ஜிபி; மின்சாரமோ தயாரிப்பாளர் 80 வாட்டிலிருந்து 150 வாட் வரை எங்கே நிறுத்துகிறாரோ அங்கே. அதிகாரபூர்வப் பெயரில் 'லேப்டாப் ஜிபியு' என்ற சொற்கள் உண்டு என்று வாதிடலாம். உண்டுதான். விளம்பரத்திலும் விலைச்சீட்டிலும் முதலில் உதிர்வது அந்தச் சொற்கள்தான் என்பதை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிலும், ஒரே பெயருள்ள இரண்டு மடிக்கணினிகளில் ஒன்று 80 வாட், மற்றது 150 வாட் என்றால், அவை ஒரே பொருளே அல்ல.

2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070, முந்தைய தலைமுறையின் உச்சமான 4090இன் திறனைத் தரும் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் அறிவித்தார். 5070இல் 6,144 கோர்கள், 12 ஜிபி. 4090இல் எத்தனை என்பதை மேலே கண்டோம். இந்தச் சமன்பாடு எப்படிச் சாத்தியம்? கார்டு ஒரு காட்சிச் சட்டகத்தை முறையாகக் கணக்கிட்டு வரைகிறது. அதன்பின் மூன்று சட்டகங்கள் வரை செயற்கை நுண்ணறிவு ஊகித்து இடையில் செருகுகிறது. செருகியவற்றையும் சேர்த்து எண்ணினால்தான் ஈடு கட்டுகிறது. செயற்கை நுண்ணறிவின் துணையை அவர் மேடையில் மறைக்கவில்லை. ஆனால் 'திறன்' என்ற சொல்லின் பொருள் அங்கே மாறிவிட்டது. ஊகித்த சட்டகம் கண்ணுக்கு வழவழப்பைத் தரும். விரல் அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதத்தை அது குறைக்காது. படம் தொகுக்கும் எங்கள் நண்பருக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை.

'விவரக்குறிப்பு இணையத்தில் இருக்கிறதே, படிக்காதது வாங்குவோரின் பிழை' என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 970இன் விவரக்குறிப்பை வரிவரியாகப் படித்தவரும் ஏமாந்தார். 64 என்று தரப்பட்ட ராப் அலகுகள் உண்மையில் 56. 2 எம்பி என்று தரப்பட்ட கேஷ் உண்மையில் 1.75 எம்பி. 4 ஜிபி நினைவகத்தில் கடைசி அரை ஜிபி, மற்ற மூன்றரையைவிட மிக மெதுவான தனிப்பகுதி. 2015 ஜனவரியில் இது வெளிப்பட்டபோது, பொறியாளர்களுக்கும் விற்பனைப் பிரிவுக்கும் இடையே ஏற்பட்ட தகவல் பிழை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. 2016இல் அமெரிக்காவில் வழக்கு சமரசத்தில் முடிந்து, கார்டு ஒன்றுக்கு 30 டாலர் என்று ஏற்கப்பட்டது. படிப்பது வாசகரின் கடமை என்றால், மெய்யை அச்சிடுவது பதிப்பாளரின் கடமை.

குறைந்த கோர்களோடு ஒரு சிப்பை விற்பதையே நாங்கள் பாவம் என்று சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். சிலிக்கான் தகட்டில் சிறுபழுதுகள் இயல்பு. பழுதான பகுதியை அணைத்துவிட்டு மீதியை விற்பது சிக்கனம், நியாயமும்கூட. உச்ச மாதிரியான 4090கூட, 18,432 கோர்கள் கொண்ட சிப்பில் 16,384ஐ மட்டுமே இயக்குகிறது. குறைத்து விற்கட்டும், வேறு பெயர் சூட்டி விற்கட்டும். எழுத்துகளுக்கும் எண்களுக்கும் பஞ்சமில்லையே.

அதுவரை நாம் செய்யக்கூடியது, பெயரைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் பொருளைப் படிப்பது. கோர்களின் எண்ணிக்கையை அதே தலைமுறைக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். நினைவகத்தின் அளவோடு அதன் வகை, பாதையின் அகலம், நொடிக்கான கடத்தல் மூன்றையும் கேளுங்கள். மடிக்கணினி என்றால் எத்தனை வாட் என்று கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையை விட்டு வெளியேறுங்கள். செயற்கைச் சட்டகங்களைச் சேர்க்காமல், நீங்கள் செய்யும் வேலையிலேயே சோதித்த முடிவுகளைத் தேடிப் பாருங்கள். பில்லில் முழுப் பெயரையும் ஜிபியையும் நினைவக வகையையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

நிறுவனங்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றே: ஒரு பெயர், ஒரு பொருள். இது நடக்காத காரியம் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2022 அக்டோபரை நினைவூட்டுகிறோம். உலகின் மிகப் பெரிய கிராபிக்ஸ் நிறுவனம் ஒரு பெயரைத் திரும்பப் பெற்றது. அதை அசைத்தது நீதிமன்றமோ அரசோ அல்ல. 'இந்தப் பெயர் பொய்' என்று எழுதியவர்களும் பேசியவர்களும்தான். எழுதுவது நம் தொழில் அல்லவா? சுருக்கப் பதிப்பை முழுநூல் என்று விற்றால் கொதிக்கும் நாம், இங்கும் கொதிக்கலாம். நண்பரின் கேள்விக்கு எங்கள் பதில் தாமதமாகத்தான் வருகிறது: இல்லை, அந்தப் பதிப்பாளரைச் சும்மா விட மாட்டோம்.